எந்த வாசலால் உள்ளே போவது?

வன்னியில் எங்கள் ஆதார வைத்தியசாலையின் நோயாளர் நலன்புரிச் சங்கக் கூட்டம் வழக்கமாகத் தண்ணீர்த் தாங்கி, மின்விசிறி, பார்வையாளர் வாங்கு என்ற மூன்றுக்குள் முடிந்துவிடும். போன கூட்டத்தில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் நாலாவதாக ஒன்றைக் கிளப்பினார்.

"ஆமி முகாமுக்குள்ள எக்ஸ்ரே மெசின் நிக்குது, டொக்டர் இருக்கிறார், அம்புலன்ஸ் இருக்கு. எங்கட மெசின் பழுதெண்டால் சனம் பஸ் ஏறிப் போகுது. அமெரிக்காவில ஆமி ஆஸ்பத்திரியையும் பழைய ஆமிக்காரரின்ர ஆஸ்பத்திரியையும் ஒண்டாக்கி, ஒரே கூரையில நடத்துறாங்களாம். நாங்களும் ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் என்ன?"

அரைவாசிப் பேர் தலையாட்டினார்கள், அரைவாசிப் பேர் சுவரைப் பார்த்தார்கள். கடைசியில் தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் பதிவறையில இருந்த ஆள்தானே அண்ணை, விசாரிச்சு எழுதுங்கோ. அதுக்குப் பிறகு முடிவெடுப்பம்." நான் மருத்துவன் அல்ல. கொப்பியும் பைலும் துண்டும் தேடிக் கொடுத்தே காலம் கழித்தவன். என் ஒப்பீட்டில் அந்தப் புத்திதான் தெரியும்.

அதிபர் சொன்ன அமெரிக்கக் கதை உண்மைதான். சிக்காகோவுக்கு வடக்கே கிரேட் லேக்ஸ் என்ற இடத்தில் கடற்படையின் பயிற்சித் தளம் இருக்கிறது. புதிதாகச் சேரும் மாலுமிகள் எல்லாரும் அங்கேதான் பயிற்சி எடுக்கிறார்கள். அவர்களுக்கென்று கடற்படை வைத்தியசாலை இருந்தது, கட்டடம் பழசு. பக்கத்திலேயே முன்னாள் படையினருக்கான திணைக்களத்தின் வைத்தியசாலை. அங்கே நோயாளிகள் குறைந்து, மூடிவிடலாம் என்ற பேச்சு நடந்தது. ஒன்றுக்குக் கட்டடம் வேண்டும், மற்றதுக்கு ஆள் வேண்டும். 2010 ஒக்டோபரில் இரண்டையும் ஒரே நிறுவனமாக்கி, அப்பலோ 13 விண்கலத்தின் தளபதி ஜேம்ஸ் லவலின் பெயரை வைத்தார்கள். தலைமை முன்னாள் படையினர் திணைக்களத்திடம், துணைத் தலைமை கடற்படைக் கப்டன் ஒருவரிடம். பணத்துக்கு இரண்டு அமைச்சும் போடும் ஒரு பொது நிதியைச் சட்டம் போட்டு ஏற்படுத்தினார்கள். கடற்படையின் சிவிலியன் ஊழியர்கள் மற்றத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலுக்கு மாறினார்கள். பதினெட்டு வயதுப் பயிற்சி மாலுமியும் வியட்நாம் போன கிழவரும் ஒரே நடைகூடத்தில் நடக்கிறார்கள்.

வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கே இடறினார்கள் என்று பார்த்தபோது என் பழைய மேசையே ஞாபகம் வந்தது. கட்டடம் சேர்ந்தது, சம்பளம் சேர்ந்தது, பதிவேடு சேரவில்லை. கடற்படையின் கணினி ஒன்று, முன்னாள் படையினர் திணைக்களத்தின் கணினி வேறொன்று. ஒரே டொக்டர் ஒரே நாளில் இரண்டிலும் எழுத வேண்டும். ஒருவருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு கணினியில் எழுதியிருந்தால் மற்றதற்குத் தெரியாது. இந்த ஒவ்வாமைகளையும் மருந்துகளையும் கையால் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்கென்றே மேலதிகமாக மருந்தாளர்களை அமர்த்தினார்கள். கணினி வேலைக்கு 10 கோடி டொலருக்கு மேல் போனது. 2012 இல் அந்த நாட்டுக் கணக்காய்வு அலுவலகம், கணினித் தாமதம் செலவை ஏற்றுகிறது, இந்தப் பரிசோதனை வென்றதா என்று அளக்கவே ஒழுங்கான திட்டம் இல்லை என்று அறிக்கை எழுதியது. இரு தரப்புக்கும் ஒரே பதிவேடு வந்தது 2024 மார்ச்சில். திறந்து பதின்மூன்று வருடம் கழித்து!

எங்களிடம் அந்தப் பிரச்சினை இல்லை என்று சிரிக்கலாம். எங்கள் நோயாளி தன் பதிவேட்டைத் தானே காவிக்கொண்டு திரிகிறார். எண்பது பக்கக் கொப்பி, மண்ணிற உறை, மழைக்குச் சுருட்டி சொப்பிங் பைக்குள் வைத்திருப்பார், எக்ஸ்ரே படம் ஒன்றும் சேர்ந்து மடிந்திருக்கும். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒவ்வாமை. அந்தக் கொப்பியைக் கிளிநொச்சியில் காட்டலாம், யாழ் போதனாவில் காட்டலாம், கொழும்புக்கும் கொண்டுபோகலாம். கணினியே இல்லாமல் எல்லா ஆஸ்பத்திரியையும் சேர்த்து வைத்திருக்கும் பொருள் அது. தொலைந்தால் எல்லாம் போச்சு, அது வேறு கதை. இந்தக் கொப்பிக்குத் திரும்ப வருகிறேன்.

இரண்டாவது வழி பிரித்தானியாவினுடையது. அவர்கள் சேர்க்கவில்லை, மூடினார்கள். 1994 இல் பாதுகாப்புச் செலவைக் குறைக்கும் மீளாய்வு வந்ததும் இராணுவ வைத்தியசாலைகள் ஒவ்வொன்றாகப் போயின. கொஸ்போர்ட்டில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கிய ஹஸ்லர் கடற்படை வைத்தியசாலையும் 2009 இல் மூடப்பட்டது. படை மருத்துவர்களையும் தாதியரையும் பிளிமத், போர்ட்ஸ்மத், பேர்மிங்காம் போன்ற இடங்களில் பொது வைத்தியசாலைகளுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். சமாதான காலத்தில் அவர்கள் சாதாரண சனத்துக்கு வைத்தியம் செய்வார்கள், சண்டை வந்தால் களத்துக்குப் போவார்கள். காயப்பட்ட சிப்பாயும் பொது வைத்தியசாலைக்கே வருவார்.

இதிலும் கசப்பு இருந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயப்பட்டவர்களைப் பேர்மிங்காமின் செலி ஓக் வைத்தியசாலையில் சாதாரண நோயாளிகளுக்கு நடுவே போட்டபோது குடும்பங்கள் கொதித்தன, பத்திரிகைகள் எழுதின. பிறகு அதே கூரையின் கீழ் படைத் தாதியர் கவனிக்கும் தனி வாட்டு ஒழுங்கு செய்தார்கள். 2010 இல் புதிய குயின் எலிசபெத் வைத்தியசாலைக்கும் அந்த ஒழுங்கே போனது. லாபமும் இருந்தது. களத்தில் குண்டுக் காயத்துக்குக் குருதியை நிறுத்தப் பழகிய கை, நெடுஞ்சாலை விபத்தில் வந்தவனுக்கும் உதவியது. ஏ9 வீதியில் இரவில் மோட்டார் சைக்கிளில் போய் மாட்டில் மோதி வருகிற பொடியன்களை வாரம் தவறாமல் பார்க்கிற ஊர் இது. எங்களுக்கு அந்த லாபத்தின் எடை தெரியும்.

அவுஸ்திரேலியாவும் கனடாவும் எடுத்த பாதையில் நான் அதிகம் நிற்கவில்லை. முன்னாள் படையினருக்கென்று தனி வைத்தியசாலை வைத்திருந்து, அவர்கள் முதுமையில் குறையக் குறைய அவற்றை மாநிலங்களிடம் கையளித்தார்கள். சிட்னியின் கொன்கோட் 1993 இல் மாநிலத்திடம் போனது. பிரிஸ்பேனின் கிரீன்ஸ்லோப்ஸை 1995 இல் தனியாருக்கு விற்றார்கள். கனடாவின் கடைசி வைத்தியசாலை, கியூபெக்கில் இருந்த சென்ற் ஆன்ஸ், 2016 ஏப்ரலில் மாகாணத்துக்கு மாறியது. கட்டடம் போனாலும் அவுஸ்திரேலியாவில் தகுதியுள்ள முன்னாள் படைவீரரின் கையில் ஒரு தங்க அட்டை இருக்கும், வைத்தியசாலைக்குப் போனால் திணைக்களம் கட்டும். இந்தியாவும் கிட்டத்தட்ட அதே புத்தியில்தான் 2003 இல் முன்னாள் படையினருக்கான பங்களிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சிறு சிகிச்சை நிலையங்களைத் தானே நடத்தி, பெரிய வைத்தியத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது. அரசு காசு கட்டப் பிந்தினால் தனியார் முகம் சுளிக்கிறது என்ற முறைப்பாடு அங்கே பழையது. அட்டை முறைக்கு வலுவான திறைசேரி வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியைக் கடந்து வந்த எங்களுக்கு, மருந்தகத்தில் "வெளியில வாங்குங்கோ" என்று துண்டு எழுதித் தந்ததைப் பார்த்த எங்களுக்கு, அட்டை என்பது இன்னொரு துண்டு.

எங்கள் நாட்டுக்குள்ளேயே ஒரு மாதிரி உண்டு. கொழும்புக்கு அருகே வேரஹேராவில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் வைத்தியசாலை, படையினரோடு காசு கட்டும் பொதுமக்களையும் எடுக்கிறது. படைத்தரப்பு வாசலுக்குள் பொதுமக்கள் போகும் வழி இது. கொழும்பில் அது வெறும் விலைப்பட்டியல் விவகாரம். வன்னியில் அப்படியில்லை.

இங்கே படையினருக்குப் பலாலியிலும் அனுராதபுரத்திலும் இராணுவ வைத்தியசாலைகள், தலைநகரில் நாரஹேன்பிட்டியில் பெரியது. காலிழந்த சிப்பாய்க்கு ராகமையில் ரணவிரு செவன, அனுராதபுரத்தில் அபிமன்சல என்ற பராமரிப்பு நிலையங்கள். குறை சொல்லவில்லை, நாட்டுக்காகக் காயப்பட்டவனை நாடு பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் 'முன்னாள் படைவீரர்' யார் என்பதை ஒரு விடுவிப்புப் பத்திரம் தீர்த்துவிடும். வன்னியில் சண்டையில் காயப்பட்டவர் என்றால் அந்தச் சொல்லுக்குள் யார் யார்? 2009 இல் போர் முடிந்த பிறகு அரசின் புனர்வாழ்வு முகாம்களுக்குள்ளால் வந்த முன்னாள் போராளிகள் சுமார் 12,000 பேர். அதைவிட அதிகமாக, துவக்கே தொடாமல் செல் பட்டவர்கள். கடைசிச் சண்டையில் மாத்தளனில் காலை இழந்த தாய், புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் படுத்திருக்கும்போதே இரண்டாம் முறை காயப்பட்டவர். இவர்கள் எவரிடமும் பத்திரம் இல்லை. விசுவமடுப் பக்கம் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணையில் வேலை செய்கிற முன்னாள் போராளிக்குச் சம்பளம் பாதுகாப்பு அமைச்சிலிருந்து வருகிறது. அவர் எந்தப் பக்கம்? இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் 'இணைந்த வைத்தியசாலை' என்று பெயர்ப்பலகை எழுத முடியாது.

இப்போது கொப்பி. பல வருடத்துக்கு முன் கிளினிக் நாளொன்றில் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், கொஞ்சம் சாய்ந்து நடப்பார். புதுக் கொப்பி போட வேண்டும் என்றார்.

"பழைய கொப்பி எங்கை தம்பி?"

"இல்லை ஐயா. வரேக்க விட்டுட்டன்."

எங்கிருந்து வரும்போது என்று வன்னியில் யாரும் கேட்பதில்லை. காயம் எப்படி வந்தது என்ற இடத்தில் டொக்டர் கேட்டதற்கு, "மரத்தால விழுந்தனான்" என்றார். எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்கள். இடுப்பெலும்பைச் சுற்றி அரிசி சிந்தினதுபோல வெள்ளைப் பொட்டுகள். டொக்டர் படத்தைப் பார்த்தார், அந்த மனிசனைப் பார்த்தார், கொப்பியில் 'விழுந்தது' என்று எழுதினார். நானும் பதிவேட்டில் அப்படியே ஏற்றினேன். மரத்தால் விழுந்தவர்கள் எங்கள் பதிவேட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பதிவறைக்காரனாக எனக்கு அது வெட்கமான விசயம், பிழையான பதிவு பிழையான வைத்தியத்துக்குக் கொண்டுபோகும். ஆனால் அன்று உண்மையை எழுதச் சொல்லி அவரை நான் கேட்டிருந்தால் அடுத்த கிளினிக்குக்கு அவர் வந்திருக்க மாட்டார்.

லவல் வைத்தியசாலை பதின்மூன்று வருடம் பாடுபட்டு அடைந்த பெரிய பேறு, இரு தரப்பும் பார்க்கக்கூடிய ஒரே பதிவேடு. எங்கள் ஆட்கள் அஞ்சுவது அதற்கேதான். 2016 இல், புனர்வாழ்வு முகாம்களில் விச ஊசி போட்டார்கள் என்ற கதை பரவியது. அரசு மறுத்தது. ஆனாலும் மாகாண சுகாதார அமைச்சு முன்னாள் போராளிகளுக்குத் தனியாக மருத்துவப் பரிசோதனை ஒழுங்கு செய்ய வேண்டி வந்தது. கதையின் உண்மை பொய்க்குள் நான் போகவில்லை. சீருடை போட்டவரின் கையில் ஊசியைக் கண்டால் என்ன நினைப்பு வருகிறது என்பதை அது காட்டியது. புனர்வாழ்வு என்ற சொல்லுக்கே இந்தக் கதி. மாங்குளத்தில் நெதர்லாந்து உதவியோடு கட்டிய புனர்வாழ்வு மருத்துவப் பிரிவுக்கு ஒரு அம்மாவை அனுப்பக் கடிதம் எழுதியபோது, "என்ர மகன் ஏற்கெனவே புனர்வாழ்வு முடிச்சவன் ஐயா, திரும்ப ஏன்?" என்று கேட்டார். முதுகெலும்புக் காயத்துக்கான உடற்பயிற்சி என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது.

இந்தப் பயம் முழு உண்மையும் அல்ல, அதையும் சொல்ல வேண்டும். வன்னி வைத்தியசாலைகளின் குருதி வங்கிக்கு முகாம்களிலிருந்து சிப்பாய்கள் வந்து படுத்துக் குருதி கொடுக்கிறார்கள். பிரசவ வாட்டில் குருதிப்பெருக்கோடு கிடக்கும் பிள்ளைக்கு அந்தப் பையைத் தொங்கவிடும்போது எவரும் இது யாருடையது என்று கேட்டதில்லை. அந்தச் சிப்பாய்கள் எங்கள் வாசலால் வந்து, எங்கள் படிவத்தில் பெயர் எழுதி, எங்கள் மிசியிடம் கையை நீட்டுகிறார்கள். பொதி போகும்போது பொதியில் இருப்பது எங்கள் இலக்கம். 2020 இல் கேப்பாப்புலவு விமானப்படைத் தளத்திலும் வவுனியா பம்பைமடுவிலும் கொரோனாத் தனிமைப்படுத்தல் நிலையம் அமைத்தபோது சனம் வேறு மாதிரி நடந்துகொண்டது. பம்பைமடுவில் எதிர்ப்பே கிளம்பியது. அது முகாம் வாசல்.

ஆகவே என் தெரிவு பிரித்தானிய வழியின் பக்கம் சாய்கிறது, அதுவும் பாதிதான். படைத்தரப்பிடம் இருக்கும் டொக்டரோ உடற்பயிற்சி வைத்தியரோ எக்ஸ்ரே இயந்திரமோ பொது வைத்தியசாலைக்கு வரட்டும், சுகாதார அமைச்சின் பணிப்பாளருக்குக் கீழே, சீருடை இல்லாமல். வன்னியில் நிற்கும் சிப்பாய்க்கு நெஞ்சுவலி வந்தால் அனுராதபுரம் வரை ஏற்றாமல் கிட்டின மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுவரட்டும், மற்றவர்களோடு வரிசையில் இலக்கம் எடுக்கட்டும், அவருக்கும் அது நல்லது. பதிவேடு முழுக்கச் சுகாதாரத் தரப்பிடமே இருக்க வேண்டும். படைப்பிரிவுக்குத் தன் ஆளைப் பற்றி அறிய வேண்டுமென்றால் அந்த ஆளே தன் கொப்பியைக் காட்டட்டும். முகாமுக்குள் பொதுமக்களை வரச் சொல்லும் எந்த ஒழுங்கும், இலவசமாக இருந்தாலும், எங்களிடம் படுத்துவிடும்.

முழு இணைப்பை நான் தள்ளுவதற்கு இன்னொரு காரணம் நிர்வாகம். அமெரிக்காவில் இரண்டு திணைக்களம் சேர்ந்ததற்கே இவ்வளவு பாடு. இங்கே அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் சுகாதாரம் மாகாணத்துக்கும் உரியது, யாழ் போதனா மத்திய அமைச்சோடு, இராணுவ வைத்தியசாலை பாதுகாப்பு அமைச்சோடு. ஒப்பந்தம் போட மூன்று கை வேண்டும். 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்ததற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை, மாகாணத்தின் சார்பில் ஆளுநர்தான் கையெழுத்திடுவார். வாக்குப் போட்ட எவரும் இல்லாத மேசையில் இப்படி ஒரு விசயத்தைத் தீர்க்கக்கூடாது என்பது என் எண்ணம்.

அதிபர் இதற்கு ஒரு நல்ல மறுப்பு வைத்திருந்தார். இராணுவத்தின் ஆள்தொகையை 2030க்குள் 1,00,000 ஆகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது. "ஆள் குறையக் குறைய அவங்கட கட்டடமும் மெசினும் சும்மா கிடக்கும் அண்ணை. கிரேட் லேக்ஸில நடந்ததும் அதுதானே. இப்ப கேக்காட்டி, நாளைக்குத் தெற்குக்கு ஏத்திக்கொண்டு போயிடுவாங்கள்." இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இயந்திரத்தைக் கேட்போம், கட்டடத்தைக் கேட்க வேண்டாம் என்றேன். கட்டடம் நிற்கும் காணியில் பாதி யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும், காணிக்காரர் இன்னும் கச்சேரிக்கு நடக்கிறார்கள்.

நான் எழுதிக் கொண்டுபோன வரைவில் 'இணைந்த வைத்தியசாலை' என்ற சொல் ஐந்து இடத்தில் இருந்தது. செயலாளர் பிள்ளை ஐந்தையும் வெட்டினாள். மிஞ்சியது இரண்டு கோரிக்கை: எங்கள் எக்ஸ்ரே இயந்திரம் பழுதாகும் நாட்களில் நடமாடும் இயந்திரம் ஒன்றை எங்கள் வளவுக்குள் கொண்டுவந்து தரவேண்டும், கிழமைக்கு ஒரு நாள் உடற்பயிற்சி வைத்தியர் ஒருவர் சிவில் உடையில் வரவேண்டும். தலைவர் வாசித்தார். சுவரைப் பார்த்தவர்களில் ஒருவர், "படப் பதிவேடு எங்களிட்டயே இருக்குமெண்டும் ஒரு வரி போடுங்கோ" என்றார். போட்டோம். பணிப்பாளர் ஊடாக அனுப்பியிருக்கிறோம். அதற்குப் பிறகு தண்ணீர்த் தாங்கியைப் பேசினோம்.